கிளாசிக் கார் கேள்வி – பதில்: கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

1960, 70களில் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை வீட்டிலேயே பழுது பார்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எம்.ஜி.பி., டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டையும் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள எம்.ஜி.பி. வைத்திருக்கிறேன். ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) நிற்காமல் ஆடுகிறது. கறுப்புப் புகை வருகிறது, நான்கு பிளக்கிலும் கரி. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டைப் பலமுறை திருகிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் நன்றாக ஓடுகிறது, மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?

வேண்டாம். ஜெட் நட்டிலிருந்தும் கையை எடுத்துவிடுங்கள். எஸ்.யு. கார்புரேட்டர் தானாக செட்டிங் மாறும் பொருள் அல்ல. ஒருமுறை சரியாக வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். நாளுக்கு நாள் மாறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். வழக்கமாக நடப்பது இதுதான்: எங்கோ காற்று கசிந்தோ, டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான மின்தொடர்பு முனை) தேய்ந்தோ ஸ்லோ ஆடும். அதை அடக்க மிக்ஸ்சரை ரிச் ஆக்குவோம், அதாவது பெட்ரோலைக் கூட்டுவோம். ஆட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் பிளக் கரியாகி மிஸ் அடிக்கத் தொடங்கும். பிறகு கரியைப் பார்த்து கார்புரேட்டரைக் குறை சொல்வோம்.

முதலில் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம் (0.38 மி.மீ.) இருக்க வேண்டும். எட்டு வால்வையும் வரிசைப்படி பார்க்க 'ஒன்பது கணக்கு' உதவும். 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வை அட்ஜஸ்ட் செய்யுங்கள். 6 திறந்திருக்கும்போது 3. 4 திறந்திருக்கும்போது 5. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு நான்காவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் இன்ஜின் சுலபமாகச் சுற்றும். ராக்கரின் முனை வால்வில் படும் இடத்தில் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்துகொள்ளும். கேஜ் 0.015 காட்டும், உண்மையான இடைவெளியோ அதைவிட அதிகமாக இருக்கும். 'செட் பண்ணியும் டக்டக் சத்தம் போகவில்லை' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025. ட்வெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) இருந்தால் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 டிகிரி, மூன்று டிகிரி முன்பின் இருக்கலாம். பின்னால் வந்த 45டி4க்கு 51, ஐந்து டிகிரி முன்பின். ரோட்டரைப் பிடித்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் தத்தளிக்கும். அப்படியானால் புஷ் மாற்றாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. புதிதாக வாங்கிய ரோட்டரையும் கண்டென்சரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மட்டமான ரோட்டர்களில் நடுவிலுள்ள ரிவெட் வழியாக ஸ்பார்க் ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். நன்றாக ஓடிய பழையது கையில் இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். டைமிங் இன்ஜின் எண்ணைப் பொறுத்து மாறும். ஆரம்பகால 18ஜி, 18ஜிஏ, 18ஜிபி வரிசைகளுக்கு ஸ்டாட்டிக் டைமிங் (இன்ஜின் ஓடாத நிலையில் வைப்பது) 10 டிகிரி. மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள்.

மூன்றாவது, காற்றுக் கசிவு. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டர் அடிப்பகுதி, த்ராட்டில் ஸ்பிண்டிலின் இரு முனைகள், பிரீதர் ஹோஸ் ஆகியவற்றில் சாதாரணத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தெளியுங்கள். எங்கே தெளிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அங்கே கசிவு. இதற்கு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. எம்.ஜி.பி.யில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருப்பதால் அது தீயில் முடியலாம்.

இவ்வளவும் சரியான பிறகு கார்புரேட்டர். உங்கள் வண்டி ரிச்சாகவே ஓடுவதால் முதலில் சோக் கேபிளைப் பாருங்கள். சோக்கை உள்ளே தள்ளிய நிலையில் கேபிளில் சுமார் 1.5 மி.மீ. தொய்வு வேண்டும். அது இல்லாவிட்டால் ஜெட் முழுதாக மேலே வராமல் தொங்கும். கையால் மேலே தள்ளிப் பாருங்கள்; நகர்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அப்படியே ஃப்ளோட் அறையின் நீடில் வால்வு கசிகிறதா என்றும் பாருங்கள்.

செட்டிங் முறை இது. ஏர் ஃபில்டரைக் கழற்றி பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு தங்குதடையில்லாமல் விழ வேண்டும். இழுத்துக்கொண்டு இறங்கினால் ஜெட்டை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றினால் ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனையும் மேல்மூடியையும் மற்றதோடு மாற்றிவிடாதீர்கள், அவை ஜோடியாக உருவாக்கப்பட்டவை. ஜெட்டைப் பிரிட்ஜ் (பிஸ்டன் வந்து உட்காரும் மேடு) மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம், கீழே இறக்குங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் காற்றின் சீறலைக் கேளுங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும்வரை ஸ்லோ ஸ்க்ரூக்களைத் திருகுங்கள்.

பிறகு மிக்ஸ்சர். பக்கத்திலுள்ள பின்னை அழுத்தி பிஸ்டனை 0.8 மி.மீ. அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஓட்டம் ஒரு நொடி ஏறி உடனே அடங்கினால் சரி. ஏறியது அப்படியே நின்றால் ரிச், நட்டை ஒரு முகம் மேலே. உடனே தடுமாறி அணைந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு முகம் கீழே. ஒருமுறைக்கு ஒரு முகம்தான், ஒரு கார்புரேட்டரைத் திருத்தியதும் மற்றதையும் மறுபடி சோதியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஸ்லோவில் ஓடினால் பிளக்கில் கரி சேர்ந்து தப்பான முடிவைக் காட்டும். நடுநடுவே 2500 ஆர்.பி.எம்.மில் அரை நிமிடம் ஓடவிட்டுத் தொடருங்கள். கடைசியாக மேல்மூடியின் உச்சியிலுள்ள டாம்பருக்குள் 20 கிரேடு இன்ஜின் ஆயில், உள்ளேயிருக்கும் குழல் தண்டின் விளிம்புக்கு 12 மி.மீ. மேல்வரை. இது வற்றிப்போனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறும்.

கேள்வி: ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர ட்ரன்னியனில் கிரீஸ் நிப்பிள் பொருத்தியிருக்கிறது. கிரீஸ்தானே அடிக்க வேண்டும்?

கூடாது. அங்கே போக வேண்டியது ஈ.பி.90 என்ற கெட்டியான கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்து கிரீஸ் அடித்துவிடுவது இந்த கார்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, மிக ஆபத்தானதும்கூட.

ட்ரன்னியன் என்பது வெண்கலத் துண்டு. அதன் மரைக்குள் நிற்கும் எஃகு வெர்டிகல் லிங்க், ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரையில் சுழல்கிறது. ஆயில் மரையின் அடிவரை வழிந்து இறங்கும். கிரீஸ் வழியிலேயே நின்று காய்ந்து கட்டியாகி, பிறகு வரும் ஆயிலையும் தடுத்துவிடும். அடியில் தண்ணீர் தேங்கி எஃகு துருப்பிடிக்கும், இறுகும், ஒருநாள் மரைக்கு மேலே முறியும். முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். வேகம் குறைவாக, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் இது அதிகம் நடக்கிறது.

ஆயில் நிரப்பிய கிரீஸ் கன்னால் 6000 மைலுக்கு ஒருமுறை, அல்லது குறைவாக ஓட்டுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, மேல் விளிம்பில் ஆயில் கசியும்வரை ஏற்றுங்கள். வரலாறு தெரியாத வண்டி என்றால் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து பார்த்துவிடுவதே நல்லது. மரையின் வேரில் குழி விழுந்திருந்தால் லிங்க் புதிதாகத்தான் போட வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் மரைகள் எதிரெதிர், வாங்கும்போது கவனம்.

எம்.ஜி.பி.யில் கதை வேறு. அதன் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ்தான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும் நிலையில் அடித்தால்தான் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும்.

கேள்வி: எம்.ஜி.பி. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் வராமல் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. பம்பா?

இக்னிஷனை மட்டும் போட்டு, பின்னால், வலது பின்சக்கரத்துக்கு முன்பக்கம் இருக்கும் எஸ்.யு. பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். அதுவே பாதி பதிலைச் சொல்லிவிடும். நல்ல பம்ப் சில முறை டிக்டிக் என்று அடித்து, ஃப்ளோட் அறை நிரம்பியதும் நின்றுவிடும்.

சத்தமே இல்லையா? பம்பில் வெள்ளை வயருக்கு 12 வோல்ட் வருகிறதா, கறுப்பு எர்த் வயர் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இரண்டும் இருந்தும் ஓடாமல், ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடினால் உள்ளே பாயிண்ட் கருகிவிட்டது. தட்டி ஓட்டுவது வீடு வந்து சேரத்தான், பாயிண்ட் செட்டை மாற்றிவிடுங்கள். நிற்காமல் படபடவென்று அடித்தும் பெட்ரோல் வரவில்லை என்றால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. மெதுவாகத் திணறி அடித்தால் எங்கோ அடைப்பு. நீங்கள் சொல்வதுபோல் சற்று நேரம் விட்டதும் சரியானால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது.

கேள்வி: கம்பிச் சக்கரத்தின் நடு நட்டை எந்தப் பக்கம் திருப்பிக் கழற்றுவது?

கார் முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அடித்தால் கழலும், எதிர்த் திசையில் இறுகும். காரின் இடப்பக்கம் சாதாரண வலது மரை, வலப்பக்கம் இடது மரை. பழுது பார்த்தபோது ஹப்களை யாராவது இடம் மாற்றிப் பொருத்தியிருந்தால் ஓட ஓட நட்டு தானாகக் கழன்றுவிடும். செகண்ட்ஹேண்டில் வாங்கியதும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

செம்பு அல்லது தோல் முகமுள்ள சுத்தியல் மட்டும். ஸ்ப்ளைன் (ஹப்பும் சக்கரமும் கவ்விக்கொள்ளும் பற்கள்), மரை, கூம்பு மூன்றுக்கும் மெல்லிய கிரீஸ். மாட்டியபின் சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, தூக்கி நிறுத்திய சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்று ஆட்டம் தெரிகிறதா? ஸ்ப்ளைன் தேய்ந்துவிட்டது. அதில் புதுச் சக்கரம் மட்டும் மாட்டினால் பழைய ஹப் அதையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: எம்.ஜி.பி.யின் ஹெட்லைட் மங்கல். டைனமோ, பேட்டரி இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றும் முன் ஒரு சோதனை. லைட்டை எரியவிட்டு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை பல்பின் எர்த்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துரு. அடுத்து பேட்டரியின் மறுமுனைக்கும் பல்பின் லைன் முனைக்கும் நடுவே அப்படியே பாருங்கள். அங்கே இழப்பு அதிகமானால் ஸ்விட்சும் புல்லட் கனெக்டர்களும்தான். பழைய கனெக்டரின் ரப்பர் உறைக்குள் பித்தளை பச்சை பூத்திருக்கும். லூகாஸ் ஒயரிங்குக்கு இருக்கும் கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்தக் கனெக்டர்களுக்கே சேர வேண்டியது. கனெக்டர்களையும் எர்த்துகளையும் புதுப்பித்து, ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே போட்டால் முழு ஒயரிங்கும் மாற்ற வேண்டியிருக்காது.

நிறங்கள் நினைவில் இருக்கட்டும்: பிரவுன் எப்போதும் உயிருள்ளது, ஃப்யூஸ் இல்லாதது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது, ஊதா எப்போதும் உயிருள்ளது, ஆனால் ஃப்யூஸ் உண்டு, கறுப்பு எர்த். எம்.ஜி.பி.யின் ஹெட்லைட் வயருக்கு ஃப்யூஸே கிடையாது, ரிலே போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இன்னொன்று: லூகாஸ் ஃப்யூஸில் '35 ஆம்பியர்' என்பது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் சுமார் பாதிதான். தாங்கும் அளவைக் குறிக்கும் வேறு வகை ஃப்யூஸில் 35 வாங்கிப் போட்டால் ஃப்யூஸுக்கு முன் வயர் எரியும். உங்களிடம் டைனமோ இருப்பதால் வண்டி 1967 இறுதியில் வந்த மார்க் 2க்கு முந்தையது, தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாக வந்தது. யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் பேட்டரியை இணைக்காதீர்கள்.

கேள்வி: கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்?

எம்.ஜி.பி.க்கு இன்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யு–50. ஓவர்டிரைவும் (கூடுதல் உயர் கியர்) அதே ஆயிலில்தான் ஓடுகிறது, அதனால் வழுக்கும் தன்மை கூட்டும் சேர்க்கைகள் எதுவும் கூடாது. ஸ்பிட்ஃபயருக்கு ஈ.பி.90, ஆனால் ஜி.எல்.4 தரம். ஜி.எல்.5இல் உள்ள சேர்மானம் வெண்கல, பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும்.

கேள்வி: எம்.ஜி.பி. ரோட்ஸ்டரின் சில் (கதவுக்குக் கீழே ஓடும் பகுதி) தகரம் அடியில் துரு. மேலே ஒரு புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தால் போதுமா?

போதாது. திறந்த காரில் கூரை இல்லை, வளையாமல் வண்டியைத் தாங்குவது சில்தான். வெளியே தெரியும் சில்லுக்குப் பின்னால் நடுத் தகடும், அடியில் 'காசில்' எனப்படும் பகுதியும் இருக்கின்றன. துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. வெளித் தகரத்தில் ஓட்டை தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே நிறையப் போயிருக்கும். மேலே மூடினால் ஈரம் சிறைப்பட்டு இன்னும் வேகமாக அரிக்கும்.

எங்கே தொடங்கியது என்பதையும் பாருங்கள். முன் ஃபெண்டருக்குள், கதவுக்கு முன்னால் சேறு சேர்ந்து ஊறும் இடம் அது. அதைச் சரிசெய்யாமல் சில்லை மட்டும் மாற்றினால் மறுபடி அங்கிருந்தே தொடங்கும்.

வெட்டும் முன் வண்டியை சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் சமமாக நிறுத்துங்கள். கதவைச் சுற்றிலும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். கீல் தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். புதுப் பாகங்களைப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தியதும் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். மேல் இடைவெளி குறுகியிருந்தால் நடுவில் வண்டி தொய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் திருத்தலாம், முழு வெல்டிங்குக்குப் பிறகு முடியாது.

பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் குழாயும் பேட்டரி கேபிளும் அடித்தளத்தின் கீழேதான் ஓடுகின்றன. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், கூடவே ஒருவர். சில்லின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் இடைவெளிகளை அடைத்துவிடாதீர்கள். பெயின்ட் காய்ந்தபின் உள்ளே கேவிட்டி வேக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு). சில், தரை, தூண் எல்லாமே போயிருந்தால் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் தயாரிக்கும் புது பாடி ஷெல் பற்றியும் யோசியுங்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போடுவதைவிட அது பல நேரங்களில் புத்திசாலித்தனம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றலாமா?

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். அங்கே பழைய கார்களுக்கு ஈ5 உள்ள சூப்பர் பெட்ரோலைத்தான் பரிந்துரைக்கிறார்கள். வேறு வழியில்லை என்றால் எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். இரண்டு கார்புரேட்டர்களுக்கு நடுவிலுள்ள சின்னத் துண்டைப் பலரும் மறக்கிறார்கள், முதலில் வெடிப்பதும் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் அரை டேங்க் வைக்காதீர்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் வேறு பிரச்சினை. கடினமான வால்வு சீட் போடாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும். எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வருவதுதான் அடையாளம்.

கேள்வி: சிறிது தூரம் ஓட்டியதும் ஒரு முன்சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடி சூடாகிறது. காலிப்பருக்குப் புது சீல் போட்டும் அப்படியே.

சக்கரம் இறுகியிருக்கும்போதே அதைத் தூக்கி, பிளீட் நிப்பிளைத் திறங்கள். சக்கரம் விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் துருவில் மாட்டியிருக்கிறது. விடுபட்டால் மேலே எங்கோ பிரஷர் அடைபட்டிருக்கிறது. நிப்பிளை மூடிவிட்டு, மறுபடி இறுகியதும் இம்முறை ரப்பர் ஹோஸின் மேல்முனையிலுள்ள இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். அதில் சக்கரம் விடுபடவில்லை என்றால் ஹோஸ்தான். வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்சுவர் வீங்கி, மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஜோடியாக மாற்றுங்கள். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து பிடித்தால் பெடலைப் பாருங்கள், மேலே சுமார் 3 மி.மீ. சும்மா நகர வேண்டும்.

பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிகான் வகையான டாட் 5 பெயின்டைக் கெடுக்காது என்று பலர் விரும்புகிறார்கள். பழையதோடு அது கலக்காது. எல்லா சீலும் ஹோஸும் புதிதாகப் போடும் வேளையில் மட்டும் அதற்கு மாறுங்கள்.

கேள்வி: என் 13 மி.மீ. ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடுகிறது.

அது அரை அங்குல ஏ.எஃப். (எதிரெதிர் முகங்களுக்கு நடுவிலுள்ள அகலம்) நட்டு, 12.7 மி.மீ. இந்தக் கார்களில் பெரும்பாலும் யு.என்.எஃப். என்ற அங்குல மரை, 7/16, 1/2, 9/16 ஏ.எஃப். மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். எம்.8 போல்ட் 5/16 யு.என்.எஃப். துளையில் ஒரு சுற்று ஏறுவதுபோல் தெரியும், அதற்குமேல் திருகினால் மரை போய்விடும். எஸ்.யு., லூகாஸ் பாகங்களின் சின்ன ஸ்க்ரூக்கள் பல பி.ஏ. என்ற சிறு மரை வகை. எம்.ஜி. டி.சி., டி.டி. வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: அந்த எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜினில் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு, மரையோ மெட்ரிக்.